வலது காலுக்குக் கீழே

வலது காலை எடுக்கக்கூடாது, இப்போதைக்கு என் வேலை அவ்வளவுதான். ஐயர் ஜெபத்தை முடித்து ஆமென் சொல்லும் வரைக்கும் இந்தப் பித்தானை அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர், தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். இந்த ஐயர் ஜெபத்தை லேசில் முடிக்கிற ஆள் இல்லை. இப்போதுதான் மழைக்கு வந்திருக்கிறார், மழைக்குப் பிறகு அரசாங்கம், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், கடலுக்குப் போனவர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கடைசியாகத்தான் நோயாளிகள், அந்த நோயாளிகளிலும் கடைசியாகத்தான் என் தம்பி. மழையும் வேண்டும், உப்பும் விளைய வேண்டும் என்று ஒரே மூச்சில் கேட்கிற துணிச்சல் தூத்துக்குடி ஐயர்மாருக்குத்தான் உண்டு. கேட்கட்டும். நான் நிற்கிறேன். கிட்டாரை ஒரே ஒரு தடவைதான் மீட்டினேன், ஆறு கம்பியையும் சேர்த்து மெதுவாக, மீட்டின கையோடு காலால் அழுத்தினேன், அந்தச் சத்தத்தை, கிட்டார் வயர் சொருகிக் காலடியில் கிடக்கிற இந்தப் பெட்டி அப்படியே பிடித்து வைத்துக்கொண்டது, இப்போது அது கோயில் முழுக்க நிற்கிறது, மேல் விட்டம் வரைக்கும். என் கை இரண்டும் சும்மா இருக்கிறது. கம்பியில் விரல்கூட இல்லை. கால் மட்டும் இருக்கிறது, வெறுங்கால், கோயிலுக்குள் செருப்பு போடுவதில்லை, இரும்புப் பித்தானின் வட்டம் உள்ளங்காலில் குளிர்ச்சியாக அழுத்துகிறது, முதலில் குளிர்ச்சியாக இருந்தது, இப்போது என் சூட்டுக்கே வந்துவிட்டது. சட்டைப் பையில் போன் அதிர்கிறது. கிட்டாரின் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் அது கிடந்து துடிக்கிறது. யார் என்று பார்க்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சுகிர்தா, என் தம்பி பொண்டாட்டி.

அதிர்வு கிட்டார் வழியாகப் பெட்டிக்குள் போய்விடுமோ என்று சுண்டுவிரலால் கிட்டாரின் சத்தத் திருகை முழுக்கக் குறைத்தேன். பார், கை இதற்கெல்லாம் வருகிறது, பைக்குள் போய்ப் போனை எடுக்க மட்டும் வரமாட்டேன் என்கிறது. கால்தானே கட்டிப்போட்டிருக்கிறது, கைக்கு என்ன கேடு. எடுத்துக் காதில் வைத்து மெதுவாக என்னம்மா என்று கேட்டால் போதும், முன் வரிசை ஆட்கள் எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். எடுக்கவில்லை. நின்றுவிட்டது. போன் நின்றதும் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்து அசிங்கமாகவும் இருந்தது. அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், நேற்றுச் சாயங்காலம் கேட்டதையேதான் கேட்பாள். பத்து நாளைக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, தம்பி குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்தவன், சுகிர்தா, தலை என்னமோ மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தான். மூளைக்குள் ரத்தம். அன்றிலிருந்து மெஷின்தான் மூச்சு விடுகிறது. நேற்று அந்தச் சின்ன டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார், இரண்டு வழிதான் சார், இப்படியே மெஷினில் வைத்திருக்கலாம், இல்லையென்றால் வீட்டுக்குக் கூட்டிப்போய், குழாயை எடுத்துவிட்டு, உங்கள் முறைப்படி பக்கத்தில் இருந்து அனுப்பி வைக்கலாம், முழித்துப் பார்ப்பார் என்கிற மூன்றாவது வழி இல்லை, இரண்டு பெரிய டாக்டர்களும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்படியே என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். மெஷின் இருக்கிற வரைக்கும் மூச்சு இருக்கும் என்றார். சுகிர்தா அழவில்லை. என் பக்கம் திரும்பி, அத்தான் என்ன சொல்லுதாங்களோ அப்படியே செய்வோம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், என் வீட்டுக்காரியும்கூட. நாளைக்குக் கோயில் முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன், கோயில் முடிந்தால் எனக்கு என்ன தெரிந்துவிடும், ஒரு ராத்திரி தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். எட்டரை ஆராதனை பத்து மணிக்கு முடியும். பத்து மணிக்குச் சொல்ல வேண்டும். அவளால் பத்து வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

ஐயர் அரசாங்கத்துக்கு வந்துவிட்டார். அதிகாரிகளுக்கு ஞானம் கேட்கிறார், இது கொஞ்சம் நேரம் எடுக்கும். பெட்டியில் மூன்று விளக்கு எரிகிறது, ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. மூணு ரூம் அண்ணே என்றான் ரேனியஸ். தம்பி பெயர் ரேனியஸ், பழைய மிஷனரி ஒருவர் நினைவாக அப்பா வைத்தது, எனக்கு வெறும் தர்மராஜ், அவனுக்கு மட்டும் துரை பெயர். எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். போன மாதம் ஒரு சனிக்கிழமை இந்தப் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், அடுத்த வாரம் வெளியூர்க் கச்சேரி, ஒரு ஞாயித்துக்கிழமை நீ சமாளிக்கணும் அண்ணே, அஞ்சு நிமிசம் சொல்லித் தாரேன். மூணு ரூம். மொத ரூமுல நீ வாசிக்கிறது லேசா நடுங்கும், தண்ணில வெளிச்சம் விழுந்த மாதிரி, மாடுலேஷன். ரெண்டாவது ரூமுல நீ சொன்னத அது திரும்பத் திரும்பச் சொல்லும், டிலே. மூணாவது ரூமு பெரிய ரூமு, வெறும் எடம் மட்டுந்தான் இருக்கும், அங்க எதப் போட்டாலும் பெரிசாயிரும், ரிவெர்ப். எதுக்குள்ள மொதல்ல போவணும், எதுக்குள்ள கடைசியா போவணும்னு நாமதான் வைக்கணும். நான் தினத்தந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கவில்லை, பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன், என் கோபம் அப்படி, அவன் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது. கடைசியா இது ஹோல்டு என்றான், இந்தப் பித்தானைக் காட்டி. ஐயர் ஜெபம் பண்ணும்போது ஒரு தடவ மீட்டிட்டு இத அழுத்திக்கோ, கால் இருக்கிற வரைக்கும் நிக்கும். காலை எடுத்த பெறவு, அதுதான் அண்ணே இதுல விசயமே, காலை எடுத்த பெறவு என்று ஆரம்பித்தான். போதும்லே, டீ ஆறுது என்றேன். சிரித்தான். டீயைக் குடித்தான். டம்ளரை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான். அந்தக் கச்சேரி பிறகு ரத்தாகிவிட்டது, நான் வாசிக்க வேண்டி வரவில்லை.

காலை எடுத்த பிறகு என்ன. அதைத்தான் போன ஞாயிறு பார்த்தேனே. அவன் விழுந்த மூன்றாம் நாள், நான் வாசிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், ஐயர்தான் தம்பி இடம் காலியாக இருக்க வேண்டாம், அந்தச் சத்தம் இருந்தால் சனங்கள் அவனுக்காக உருகி ஜெபிப்பார்கள் என்றார். வந்து நின்றேன். மீட்டினேன், அழுத்தினேன், எல்லாம் சரியாக நடந்தது, ஆமென் வந்தது, காலை எடுத்தேன், எடுத்த கையோடு பக்கத்துப் பித்தானை மிதித்துப் பெட்டியை அணைத்தேன், அறுந்தது. கத்தியால் வெட்டின மாதிரி அறுந்தது. கோயிலே திடுக்கிட்டுக் கண் திறந்தது. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. கீபோர்டு வாசிக்கிற பியூலா டீச்சர் அவசரமாக நாலு கட்டையை அழுத்தி மூடினார், அப்புறமும் அந்த வெட்டு என் காதுக்குள்ளேயே கிடந்தது, ஆஸ்பத்திரிப் படியேறும்போதும் கிடந்தது. கால் போனால் சத்தம் போச்சு, இதுதான் காலை எடுத்த பெறவு, இதைச் சொல்லத்தான் அவ்வளவு ஆசையாக ஆரம்பித்தானா. இன்றைக்கு ஆமென் சொன்ன பிறகும் எடுக்க மாட்டேன், பியூலா டீச்சர் பாட்டைத் தொடங்கி அது நன்றாக ஏறின பிறகுதான் எடுப்பேன், யாருக்கும் கேட்காது. பரீட்சைப் பிள்ளைகள் வந்தாயிற்று. கெண்டைக்கால் இழுக்கிறது. ஐம்பத்தாறு வயதில் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பது என்றால் சும்மாவா. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டினவன் நான், உட்கார்ந்து ஓட்டின கால், நின்று பழக்கமில்லை. அங்கேயும் இதே மாதிரி ஒரு மிதி உண்டு. அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதுதான், சுமையை அந்தரத்தில் தொங்கவிட்டு இறங்கி வராதே. மூத்திரம் முட்டினாலும் சரி, கீழே சண்டை நடந்தாலும் சரி, தூக்கினது நீ, இறக்கி வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இறக்கினதும் பிரேக்கைப் பூட்டு. விட்டால் பூட்டு, விட்டால் பூட்டு, முப்பது வருடம்.

இந்தப் பெட்டியை அவன் வாங்கின புதிதில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று சுற்றிச் சுற்றி வருகிறேன், கால் வலியில் எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால், பண்டிகைக்கு முந்தின பயிற்சி, பாடகர் குழு முழுக்க இருந்தது, இதே இடம். அவன் பெட்டியைக் கீழே வைத்து, குனிந்து, திருகைத் திருகி, ஒரு தடவை மீட்டினான். சத்தம் எழும்பிப் போய்த் திரும்பி வந்தது, பெண்கள் பக்கத்தில் யாரோ அம்மாடி என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லிவிடுகிறேன், பொறாமைதான். அவனுக்குக் கிட்டாரில் முதல் கார்ட் சொல்லிக்கொடுத்தவன் நான், அவன் விரல் எட்டாமல் அழுதபோது கழுத்துப் பலகையில் விரலைப் பிடித்து அழுத்தினவன் நான், இருபது வருடம் இந்தக் கோயிலில் வெறுங்கிட்டாரோடு வாசித்தபோது ஒருத்தரும் அம்மாடி என்றதில்லை. கையில இல்லாததக் காலால தேடுதான் பாரு என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அவன் சண்டை போட்டிருந்தால் மறுநாளே சரியாகியிருக்கும். சிரித்துக்கொண்டே வயரைச் சுருட்டினான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இரண்டரை வருடம் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசித்துக்கொண்டு திரிந்தான், கோயிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போவான். வீட்டுக்கு வருவான், அண்ணே என்பான், மீன் வாங்கி வருவான், கிட்டார்ப் பேச்சு மட்டும் கிடையாது. இந்த ஈஸ்டருக்குத்தான் ஐயர் அவன் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தார். நான் போகவில்லை. நான் போயிருக்க வேண்டும், நாலு தெரு தூரம்.

போன் மறுபடியும். கெண்டைக்கால் இறுகிப் பந்தாகிவிட்டது, முட்டி லேசாக ஆடுகிறது. கடல்காரர்களுக்கு வந்திருக்கிறார், காற்றையும் அலையையும் அடக்கும் என்கிறார், போன் துடிக்கிறது, இரண்டு, மூன்று, நாலு, அவள் காரிடாரில் அந்தத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருப்பாள், கூப்பிடுகிற சத்தம் அவளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும், இரண்டாவது ரூம். எடுத்துவிட வேண்டியதுதானே தர்மராஜ். இல்லை, ஒருவேளை அவள் கேட்பதற்காக அழைக்கவில்லையோ, முடிந்துவிட்டதோ, நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அவனாகவே போய்விட்டானோ. அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆண்டவரே, நினைத்தேன், நினைத்துவிட்டேன், உம்முடைய ஆலயத்தில் நின்றுகொண்டு என் தம்பி செத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் போய்விடுவானே என்று நான் பயப்படவில்லை. அவன் அந்த வியாழக்கிழமையே போய்விட்டான், அது எனக்குத் தெரியும். நேற்று டாக்டர் போர்வையை விலக்கி, சின்னச் சுத்தியலின் பிடியால் அவன் உள்ளங்காலில் கோடு கிழித்துக் காட்டினார், குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும், அழுத்தித்தான் கிழித்தார், கூச்சக்காரப் பயல் அவன், சின்ன வயதில் காலைத் தொட்டாலே உதைப்பான், ஒரு விரல் அசையவில்லை. டாக்டர் போன பிறகு நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது கால். பெருவிரலுக்குக் கீழே காய்ப்பு காய்த்திருந்தது, இந்தப் பித்தானை மிதித்து மிதித்துக் காய்த்தது, எனக்கு அது வரைக்கும் தெரியாது. சூடாக இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. சூடாக இருக்கிற காலை விட்டுவிட எப்படிச் சொல்வது. என் பயம் வேறு, என் வாய்தான். ஏற்கெனவே ஒரு தடவை என் வாயால் அவனை வெளியே அனுப்பினேன், இதே இடத்திலிருந்து, எல்லார் முன்னாலும், அவனும் சிரித்துக்கொண்டே போனான். இரண்டாம் தடவையும் நானே சொல்ல வேண்டுமா, அதையும் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டுமா. ஊரில் வேறு ஆள் இல்லையா.

போன் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இந்தப் பெட்டியைக் கட்டிலில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்னென்ன வைத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஹோல்டை மட்டும் தொடவில்லை, அந்த வெட்டு போதும் எனக்கு. சின்னத் திரையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்துச் சேமித்திருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். கோயில் என்று ஒன்று, இப்போது நிற்கிறதே அதுதான். மண்டபம் என்று ஒன்று, கடைசி பஸ் என்று ஒன்று, நடுங்கிக்கொண்டே தூரமாகப் போகிற சத்தம். சுகி என்று ஒன்று, அதைக் கேட்காமல் தாண்டிவிட்டேன், அது அவர்கள் விஷயம். பத்தோ பதினொன்றோ தாண்டி, அண்ணன். எனக்குப் பகீரென்றது. என்ன செய்து வைத்திருப்பான், என்னைக் கிண்டல் செய்து ஏதாவது கோணல் சத்தம் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே மீட்டினேன். ஒன்றும் இல்லை. மூன்று விளக்கும் அணைந்திருந்தது. நடுக்கம் இல்லை, திருப்பிச் சொல்வது இல்லை, பெரிய ரூம் இல்லை. வெறுங்கிட்டார். நான் இருபது வருடமாக வாசித்த அதே சத்தம், நான் வாசிக்கிற மாதிரியே. இவ்வளவு பெரிய பெட்டியில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்கு என் பெயரை வைத்துச் சேமித்திருக்கிறான். கேலியா, மரியாதையா. இரண்டும்தான் இருக்கும், அவன் அப்படித்தான். கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவன் நம்பரைத் தேடி எடுத்த பிறகுதான் நினைவு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், வீட்டில் யாரும் இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரியில், பிறகு எதற்கு வாயைப் பொத்தினேனோ.

சுகவீனமாய் இருக்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும் என்கிறார். வந்துவிட்டது. முதலில் கோயில்பிள்ளை, கோயில் மணியடிக்கிற பெரியவர், இடுப்பு எலும்பு முறிந்தவர். பிறகு ஒரு டீச்சர், சர்க்கரையில் விரல் எடுத்தவர். பிறகு. எங்கள் சகோதரன் ரேனியஸ் என்றார். கோயில் மூச்சைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. உம்மை இன்னிசையால் மகிமைப்படுத்தின மகன் ஆண்டவரே, வைத்தியர்கள் கைவிட்டாலும் நீர் கைவிட மாட்டீர், அவனை விட்டுவிடாதேயும், ஒரு அற்புதம் செய்யும், எழும்பி வந்து இதே இடத்தில் நின்று வாசிக்கப்பண்ணும். ஐயர் முடிக்கும் முன்னாலேயே ஆமென் என்றார்கள், முந்நூறு பேர், அழுதுகொண்டே சொன்னார்கள், என் காலுக்குக் கீழிருந்து போகிற சத்தம் அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நானும் வாயைத் திறந்தேன். வரவில்லை. விட்டுவிடாதேயும், விட்டுவிடாதேயும் என்று எல்லாரும் கேட்கிறார்கள், அவன் எங்கே நிற்கிறான் என்று ஒருத்தருக்காவது தெரியுமா. அவன் பத்து நாளாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, ஒரு குழாயில் மாட்டி, சூடாக, நாங்கள் பயந்துபோய் யாரும் இறக்கி வைக்காமல். போன் மூன்றாம் தடவை அதிர்ந்தது. பியூலா டீச்சர் கண்ணைத் திறந்து என் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன் என்று உதட்டை அசைத்தார். நான் கண்ணால் காலைக் காட்டினேன், அறுந்துரும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. முட்டி இப்போது வெளிப்படையாகவே ஆடியது, பாதம் வியர்த்து, பித்தானின் விளிம்புக்கு நழுவிக்கொண்டே வந்தது, நான் விரலை மடக்கிப் பிடித்தேன், இன்னும் அரை நிமிடம்கூட இது நிற்காது, தானாக வழுக்கிப் போகும், போகிற வேகத்தில் எதையாவது மிதித்துப் பாழாக்கும். வழுக்கி விழுவதற்கு நான் இறக்குவது மேல். அதைக்கூடச் செய்யாவிட்டால் முப்பது வருடம் என்ன வேலை பார்த்தேன். இறக்கு தர்மராஜ். தூக்கிப் பழக்கினவன் நீதானே, நீயே இறக்கு.

காலை எடுத்தேன். தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அந்த வெட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சத்தம் அங்கேயே இருந்தது. கீழே குனிந்து பார்த்தேன், என் கால் தரையில் இருந்தது, பித்தான் மேலே எழும்பி நின்றது, சத்தம் இருந்தது. பிறகுதான் அது போக ஆரம்பித்தது, போகிறது என்றே தெரியாத மாதிரி, முதலில் மேலே இருந்த மினுக்கம் மட்டும், பிறகு நடுவில் கொஞ்சம், அடிக்கம்பி தரையோடு தரையாக அப்படியே இருந்தது. ஐயர் பேசிக்கொண்டே இருந்தார், ஒருத்தரும் கண் திறக்கவில்லை. போன ஞாயிறு வெட்டினது கால் இல்லை. நான்தான். விட்டதும் பூட்டினேனே, எடுத்த கையோடு பக்கத்துப் பித்தானை மிதித்தேனே, என் கிரேன் புத்தி. அவன் இதை இப்படித்தான் வைத்திருந்தான், காலை எடுத்த பெறவு மெல்லப் போகிற மாதிரி, உட்கார்ந்து திருகித் திருகி வைத்திருக்கிறான், அதைத்தான் சொல்ல வந்தான், எனக்கு டீ ஆறிப்போயிற்று. கிட்டாரைக் கழற்றிச் சாய்த்து வைத்தேன். பியூலா டீச்சரின் விரல்கள் அந்தச் சத்தத்துக்கு அடியிலேயே மெதுவாக வந்து சேர்ந்தன. பக்கவாசல் பத்தடி தூரம், மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடந்தேன், எனக்குப் பின்னால் அது இன்னும் இருந்தது, வாசற்படியைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்து போனை எடுத்து அவளைக் கூப்பிடும்போதும் லேசாக இருந்தது, அல்லது இருக்கிற மாதிரி இருந்தது.

அத்தான் என்றாள் சுகிர்தா. எதுவும் ஆயிட்டாம்மா என்று கேட்டேன். இல்ல அத்தான், அப்படியேதான் இருக்காங்க என்றாள், மெஷினின் சத்தம் அவளுக்குப் பின்னால் ஏறி இறங்கியது. எனக்கும் தெரியும் அத்தான், என் வாயால சொல்ல வரல, நீங்க சொல்லுங்க என்றாள். அவளும் எனக்காகத்தான் காத்திருந்தாள் என்றால், அவளும் இத்தனை நாளும் ஒற்றைக் காலில்தான் நின்றிருக்கிறாள். இந்தத் தடவை எனக்கு வார்த்தை வந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்மா. நான் வாரேன். நான் வந்த பெறவுதான் குழாய எடுக்கணும்னு சொல்லு. அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரேயடியா அணைச்சிர வேண்டாம்னு சொல்லு, மெதுவா எடுக்கச் சொல்லு."

சரி அத்தான் என்றாள். இப்போதுதான் அழுதாள். நான் வருகிற வரைக்கும் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு என்றேன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. உள்ளே ஐயர் ஆமென் சொன்னார், கோயில் ஆமென் சொன்னது, பியூலா டீச்சரின் கீபோர்டு மட்டும் கேட்டது. மற்றது எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைத் தேடி எடுத்தேன். வலது உள்ளங்காலில் அந்தப் பித்தானின் வட்டம் அப்படியே சிவந்து பதிந்திருந்தது. அதைக் கையால் ஒரு தடவை தடவிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.